டீச்சரைக் கேளுங்கள்: ஒரே ஊரில் இரண்டு வெயிலா?

கேள்வி: டிவியில் புதுச்சேரியில் 37 டிகிரி என்கிறார்கள். எங்கள் தெருவிலோ ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. சாலையை அகலப்படுத்தியபோது இருந்த இரண்டு வேப்பமரங்களையும் வெட்டிவிட்டார்கள். அந்த 37 பொய்யா, டீச்சர்?
– வாசகி, லாஸ்பேட்டை

பொய் இல்லை அம்மா. ஆனால் அது உங்கள் தெருவை அளந்த கணக்கும் இல்லை. வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெள்ளை பூசிய, காற்று புகுந்து வெளியேறும் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் வைப்பார்கள். நிழலில் உள்ள காற்றின் சூடு மட்டுமே அதில் தெரியும். நீங்கள் நிற்பது வெயிலில், அதுவும் தாரின் மேல்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது ஏசி பழுது பார்க்கிறார். ஒரு பரப்பை நோக்கி நீட்டினால் அதன் சூட்டைச் சொல்லும் கருவி அவரிடம் உண்டு. அதை இரவல் வாங்கிக்கொண்டு, போன மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் 2 மணிக்கு எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் நடந்தேன். வெயிலில் கிடந்த தார் 59 டிகிரி. ஒரு வீட்டு வாசலில் பதித்திருந்த பேவர் கல் 54. எதிர்வீட்டுப் பூவரசின் அடியில் அதே தார் 38. நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று மூன்று முறை திரும்பிப் போய் அளந்தேன்.

மரத்தடியில் காற்றின் வெப்பம் பெரிதாகக் குறைந்துவிடாது. ஒன்றிரண்டு டிகிரி குறைந்தாலே அதிகம். குறைவது நம் உடம்பின் மேல் விழும் கதிர். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் கொட்டுவது ஏறத்தாழ 1000 வாட், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டியின் சக்தி. புதிதாகப் போட்ட தார் அதில் 95 சதவீதத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, சூடாகி, நம் காலிலிருந்து முகம் வரை திருப்பி வீசுகிறது. வெயில் நம்மை இரண்டு முறை சுடுகிறது. இலை அப்படிக் கொதிப்பதில்லை. வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. 1 லிட்டர் நீர் ஆவியாக சுமார் 0.67 யூனிட் அளவு வெப்பம் செலவாகும். ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை வெளியேற்றினால், ஒன்றரை டன் ஏசி சுமார் 13 மணி நேரம் அகற்றும் வெப்பத்தை அது விழுங்கிவிடுகிறது. ஏசியோ அகற்றிய சூட்டைத் தெருவில்தான் கொட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. இடைப்பட்ட மாதங்களிலும் அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. எவ்வளவு உயரமான கட்டடம் நின்றாலும் மதியத்தில் அதன் சுவர் நமக்கு உதவாது. தலைக்கு மேல் ஏதாவது இருக்க வேண்டும். வடக்கு தெற்காக ஓடும் மிஷன் வீதியில் காலையிலும் மாலையிலும் ஒரு பக்கமாவது நிழல் கிடைக்கும். கிழக்கு மேற்கான நேரு வீதியில் சூரியன் நம்மோடே நடந்து வருகிறது. பழைய தமிழ்ப் பகுதி வீடுகளில் திண்ணைக்கு முன்னால் மரத்தூண்கள் நிறுத்தித் தெருப்பக்கம் தாழ்வாரம் இறக்கினார்கள். வழிப்போக்கரும் அதன் கீழ் ஒதுங்கி நடந்தார்கள். வைசியாள் வீதியில் மீட்டெடுத்த தாழ்வாரங்களை இன்றும் பார்க்கலாம். ஒரு மதியம் அங்கே நடந்து பாருங்கள்.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் வந்து எங்கள் பள்ளி வளாகத்து மரங்களைச் சாய்த்தது. அடுத்த கோடையில் பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே வரவில்லை. வகுப்பின் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். புயல் சாய்த்ததைப் பொறுத்துக்கொண்டேன். அளவுநாடா பிடித்து, திட்டம் போட்டு வெட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கேள்வி: இரவு பத்து மணியாகியும் எங்கள் மாடி அறை தணிவதில்லை. கடல் பக்கத்தில்தானே இருக்கிறோம்? மொட்டை மாடிக்கு வெள்ளை பூசினால் பலன் உண்டா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

உண்டு. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சில மணி நேரம் கழித்துத்தான் அறைக்குள் இறக்கும். நகரங்கள் இரவில் கிராமங்களைவிடச் சூடாக இருப்பதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். 200 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற வானிலை ஆர்வலர் அந்த வேறுபாட்டை அளந்து எழுதிவிட்டார். தளத்தைத் துடைத்து, சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு முறை பூசுங்கள். வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். தூசி படியப் படியப் பலன் குறையும். அதனால் ஆண்டுதோறும் மாசியில் ஒரு முறை பூசுவது நல்லது.

கடற்காற்றை மட்டும் நம்ப வேண்டாம். மேற்கிலிருந்து காற்று பலமாக வீசும் நாளில் அது மாலைவரை உள்ளே நுழையாது. நுழைந்தாலும் ஈரத்தோடு வருவதால் வியர்வை எளிதில் காயாது.

கேள்வி: வாசலில் எந்த மரம் வைக்கலாம்?
– வாசகர், நெல்லித்தோப்பு

புங்கன். கோடைக்கு முன்பே இலையுதிர்த்து, சித்திரை வெயிலுக்குள் புதுத்தளிர் அடர்ந்துவிடும். வீட்டின் மேற்குப் பக்கம் இடமிருந்தால் அங்கே வையுங்கள். பிற்பகல் வெயில் சுவரில் விழாது. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் வேண்டாம். டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் இதையே உத்தரவிட்டது. ஐப்பசி மழைக்கு நடுவதென்றால் புரட்டாசியிலேயே குழி வெட்டி ஆறப்போடுங்கள்.