கனமழைக்கு மறுநாள் காட்டுப்பாதையில் மலையேற்றம் போகலாமா?

கேள்வி: கனமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காட்டுப்பாதையில் ஒரு நாள் மலையேற்றம் போகலாமா? போனால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வனத்துறை பாதையைத் திறந்து வைத்திருந்தால் போகலாம். ஆனால் காய்ந்த பாதைக்குப் போடும் நேரக் கணக்கோடு போகக் கூடாது. அட்டைக்கும் வழுக்கலுக்கும் எல்லோரும் பயப்படுகிறோம். பொழுது சாய்வதற்குள் இறங்கி முடிக்க இயலாமல் போவதே மழைக்குப் பிந்தைய காட்டில் பெரிய சிக்கல் என்பதைக் குடகின் தடியண்டமோல் மலையில் நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

தடியண்டமோல் 1748 மீட்டர் உயரமுள்ளது. குடகு மாவட்டத்தின் மிக உயர்ந்த சிகரம் அதுதான். கக்கபே என்ற ஊருக்கு அருகில், மன்னர் தொட்ட வீரராஜேந்திரர் 1792 வாக்கில் கட்டிய நாலுநாடு அரண்மனையிலிருந்து உச்சிக்கு ஆறேழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். காப்பித் தோட்டங்களை ஒட்டிய சாலையில் தொடங்கி, வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து, புல்வெளியில் ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான சோலைக்காட்டுக்குள் நுழைகிறது பாதை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில் ஓர் அக்டோபரில் நானும் என் கல்லூரி நண்பரும் பெங்களூரிலிருந்து அங்கே போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்த மாலையில் பிடித்த மழை, விடியும்வரை நாங்கள் தங்கியிருந்த வீட்டின் ஓட்டுக்கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது.

ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி ஏறுவதற்கு இரண்டரை மணி நேரம் போதும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பிய நாங்கள் சோலைக்காட்டின் வாயிலை எட்டியபோதே பதினொன்றரை ஆகிவிட்டது. அந்தக் கணக்கு நல்ல பாதைக்கும் நல்ல வானிலைக்கும் உரியது. நனைந்த பாதைக்கு அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

சேறு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே நான் பார்த்தது இரண்டு வகை. சோலைக்குள் இருப்பது மக்கிய இலைகள் கலந்த கறுப்பு மண். அது பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்திருப்பதால் கால் கணுக்கால்வரை புதையும். அருவருப்பாக இருக்குமே தவிர, ஆளைத் தள்ளாது. கீழே ஜீப் ஏறிய தடத்தில் இருப்பது செம்மண். அதன் மேல்தோல் மட்டும் குழைந்து அடிப்பகுதி இறுகிக் கிடப்பதால், எண்ணெய் தடவிய கல்லின்மேல் நடப்பது போலிருக்கும். நான் மூன்று முறை விழுந்தேன். மூன்றும் செம்மண்ணில், மூன்றும் இறங்கும்போது. சோலையில் விழவைப்பவை மண்ணுக்குமேல் நெளிந்து கிடக்கும் வேர்கள்; பட்டை உரிந்து வழுவழுப்பான வேரின்மேல் ஒருபோதும் காலை வைக்காமல் தாண்டிவிடுங்கள்.

சேற்றைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நடப்பதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். அப்போது விறகுக் கட்டோடு எதிரே வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளி ஒருவர், “ஓரத்துல மண்ணு இளகி நிக்கும் அண்ணே, நடுவுலயே மிதிச்சு வாங்க. அட்டையும் புல்லுலதான் ஜாஸ்தி” என்றார். அவர் காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் இருந்தது. ஒவ்வொருவரும் ஓரத்தை மிதித்தால் பாதை ஆண்டுக்காண்டு அகன்று புல்வெளி அழியும் என்பது அவர் சொல்லாமல் விட்ட இன்னொரு காரணம்.

காலணியைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நண்பர் ஐந்தாறு ஆண்டுகளாகப் பரணில் கிடந்த மலையேற்றக் காலணியை எடுத்து வந்திருந்தார். பார்ப்பதற்குப் புதிது போலிருந்தது. புல்வெளி தொடங்கிய இடத்தில் வலது காலணியின் அடிப்பாகம் முன்புறம் பிளந்து முதலை வாய்போலத் திறந்துகொண்டது. இத்தகைய காலணிகளின் நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரித்தேனால் ஆனது; காற்றின் ஈரப்பதமே அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சிதைத்துவிடும். கையில் அள்ளிப் பார்த்தபோது அது ஊறிய ரொட்டித் துண்டுபோல உதிர்ந்தது. என் பையில் இருந்த நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி அவரை நடக்க வைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

அட்டைக்கு அவ்வளவு அஞ்ச வேண்டாம். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு, அடிக்கடி நின்று பாருங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், வாய்ப்பகுதிக்கு அடியில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அது செலுத்தும் ஹிருடின் போன்ற பொருள் இரத்தம் உறைவதைத் தடுப்பதால், அட்டை போன பிறகும் வெகுநேரம் கசியும்.

எந்த இடத்தில் இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று கிளம்பும்போதே பேசி வைத்திருந்தோம். ஒரு மணிக்குச் சோலையின் மேல்பகுதியில், மரங்களுக்கிடையே வானம் தெரியத் தொடங்கிய இடத்தில் நின்றோம். உச்சி இன்னும் அரை மணி நேரம்தான் என்று நண்பர் கெஞ்சினார். நான் மறுத்துவிட்டேன்; அதற்காக அவருக்கு என்மேல் இன்றும் வருத்தம் உண்டு. மூன்று மணிக்கு மீண்டும் மழை பிடித்தது. காலையில் கணுக்காலை மட்டும் நனைத்த ஓடை, நாங்கள் வந்தபோது முழங்காலைத் தொடும் அளவுக்குச் செந்நிறமாக ஓடியது. முதல் நாள் மழையில் மண் ஏற்கெனவே நிறைந்திருந்ததால், பெய்ததெல்லாம் உறிஞ்சப்படாமல் நேராக ஓடைக்கு வந்துவிட்டது. ஆனால் சிறிய ஓடை எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, மழை விட்டதும் அவ்வளவு வேகமாக வடியவும் செய்யும். ஒரு கல்லின் விளிம்பை அடையாளம் வைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்தக் கல் முழுதாக வெளியே தெரிந்த பிறகே, பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடியெடுத்து வைத்துக் கடந்தோம்.

அரண்மனையை அடைந்தபோது ஐந்தேகால். உச்சிக்குப் போயிருந்தால் செம்மண் தடத்தின் கடைசிப் பகுதியை, கயிறு கட்டிய காலணியோடு, கைப்பேசி வெளிச்சத்தில் இறங்கியிருப்போம். திரும்பும் இரவுப் பேருந்தில் என் இடதுகால் உறை சிவந்து ஊறியிருந்ததைப் பார்த்துப் பக்கத்து இருக்கைப் பெரியவர் பதறிவிட்டார். அட்டைக்கடி என்று சொன்னதும் செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.