போனில் வளர்ப்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் என்னிடம் வளர்கிறார்கள். பெரியவளுக்கு 13 வயது, சின்னவனுக்கு இரண்டரை. அக்கா வேலைக்கு நடுவே எப்படியோ நேரம் பார்த்து ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் முடித்தாயா, யாரோடு போகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பெரியவள் இப்போதெல்லாம் போன் அடித்தாலே எரிச்சல்படுகிறாள். சின்னவன் திரையில் அக்காவைப் பார்த்து ‘அம்மா’ என்கிறான், என்னையும் ‘அம்மா’ என்கிறான். அதைக் கேட்டு அக்கா அழுதுவிட்டாள். ‘போனில் பிள்ளை வளர்க்க முடியுமா? பணம் அனுப்பட்டும், போதும்’ என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். சில நேரம் எனக்கும் அப்படித் தோன்றுகிறது. நான் நினைப்பது தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

‘பணம் அனுப்பட்டும், போதும்’ என்ற பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அப்பா வெளிநாட்டில் இருந்து மாதாமாதம் பணம் அனுப்பினால் பொறுப்பானவர் என்று பெயர். அம்மா அனுப்பினாலோ, பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்கவேண்டும். பிலிப்பைன்ஸில் இப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்த ரேசல் பரேன்யாஸ் 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். தாய் வெளிநாடு போன பிறகும் வளர்ப்பு வேலை அவள் தலையிலும், வீட்டில் இருக்கும் மற்றப் பெண்களின் தலையிலும்தான் விழுகிறது, அப்பாக்கள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்வதில்லை என்று அதில் எழுதியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் பிள்ளைகளின் அப்பா ஒரு வரியில்கூட வரவில்லை.

சரி, போனில் வளர்க்க முடியுமா? நிறைய முடியும். ஆனால் அது அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்பதும் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்பதும் வேறு வேறு. மிர்கா மடியானு, டேனியல் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் வேலை செய்யும் பிலிப்பினோ அம்மாக்களிடம் பேசினார்கள். அதோடு நிறுத்திவிடாமல் பிலிப்பைன்ஸுக்குப் போய் அவர்களுடைய பிள்ளைகளிடமும் பேசினார்கள். அதைப் பற்றி அவர்கள் எழுதிய நூல் 2012இல் வந்தது. கடிதமும், பேசிப் பதிவுசெய்த கேசட்டும் போய்ச்சேரக் காத்திருந்த தலைமுறை அது. கைபேசி வந்ததும் அந்த அம்மாக்கள் தாங்கள் மறுபடி அம்மாவாகிவிட்டதாகவே உணர்ந்தார்கள். பிள்ளைகளிடம் அதே நிம்மதி இல்லை. சிலருக்கு அது ஆறுதலாக இருந்தது. சிலருக்குக் கண்காணிப்பாக இருந்தது. அம்மா போகும்போது பிள்ளைக்கு என்ன வயது, அதற்கு முன் இருவருக்கும் உறவு எப்படி இருந்தது என்பதெல்லாம் அதில் கணக்கானது.

உங்கள் பெரியவளின் எரிச்சலை இப்படித்தான் பார்க்கிறேன். ஐந்தாறு முறை வருகிற அழைப்பு ஒவ்வொன்றிலும் அவள் பதில் சொல்லவேண்டிய இடத்திலேயே இருக்கிறாள். சாப்பிட்டாயா, முடித்தாயா, யார் அது. ‘ராத்திரி 11 மணிக்கு ஆன்லைனில் இருந்தாயே, யாரோடு?’ என்றும் ஒரு நாள் கேள்வி வரும், இன்னும் வந்திருக்காவிட்டால். கூடவே இருக்கும் அம்மாவும் இதையெல்லாம் கேட்பவள்தான். ஆனால் கேட்ட பிறகு தலை வாரிவிடுவாள், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். போனில் அந்தச் சும்மா இருப்பது விழுந்துபோய், கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

நீங்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரியவள் தானாக அம்மாவைக் கூப்பிடுகிறாளா? கூப்பிட நினைத்தால் போன் அவள் கைக்கு வருமா, இல்லை உங்களிடம் கேட்டு வாங்கி, உங்கள் எதிரில் நின்று பேசவேண்டுமா? எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அம்மா எத்தனை முறை கூப்பிடுகிறாள் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள், பிள்ளை கூப்பிட வழி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தினமும் கொஞ்ச நேரம் போனை அவளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள். அக்கா அந்த நேரத்தில் வேலையாக இருந்தால் என்ன, வாய்ஸ் மெசேஜ் போடட்டும். உங்களைப் பற்றிய புகாரும் அதில் போகும். போகட்டும்.

அக்காவிடமும் ஒன்று சொல்லுங்கள். வீடியோ கால், வாய்ஸ் மெசேஜ், எழுத்து எல்லாம் கையில் இருக்கும்போது, பிள்ளை எதை எடுக்கிறாள் என்பதிலேயே விஷயம் இருக்கிறது. மடியானுவும் மில்லரும் இதையும் விரிவாகப் பேசுகிறார்கள். மார்க் குறைந்துவிட்டது என்று அவள் ராத்திரி இரண்டு வரி எழுதி அனுப்பினால், தன் முகத்தை இப்போது பார்க்கவேண்டாம் என்று கேட்கிறாள். உடனே வீடியோ காலில் போய் நிற்காமல் அக்காவும் இரண்டு வரி எழுதட்டும்.

சின்னவன் கதை வேறு. இரண்டரை வயதுப் பிள்ளையிடம் ‘அம்மாவிடம் பேசு, பேசு’ என்று போனை நீட்டினால் ஓடத்தான் செய்வான். அவன் விளையாடும் இடத்தில் போனைச் சாய்த்து வையுங்கள். அவன் செய்வதை அக்கா பார்த்துக்கொண்டே பேசட்டும், பாடட்டும். குழந்தைக்குத் திரை கெடுதல் என்று யாராவது சொன்னால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் சொன்னதைச் சொல்லுங்கள்: ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், வீடியோ காலைத் தவிர. வீடியோ காலில் எதிரில் இருப்பவர் அவன் சிரித்தால் சிரிக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார். கார்ட்டூன் அதைச் செய்யாது. உங்களையும் அம்மா என்கிறானே, அது அவன் பக்கத்தில் தூக்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அக்கா ஒரு நாள் அழுது தீர்க்கட்டும். அதற்காக அவனைத் திருத்தாதீர்கள்.

அக்காவிடம் போன் இருப்பதையே நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே போனை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. 2018இல் பிலிப்பைன்ஸும் குவைத்தும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், வீட்டு வேலை செய்பவர்கள் பாஸ்போர்ட்டையும் போனையும் தங்களிடமே வைத்திருக்கலாம் என்று எழுதவேண்டியிருந்தது. ஒரு தாய் தன் பிள்ளையோடு பேசுவதற்கு இரண்டு நாடுகள் கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது.

நீங்கள் நினைத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்ப்பவர் நீங்கள், முடிவு சொல்பவர் திரையில் இருக்கிறார். சலிப்பு வராமல் இருக்குமா? அதனால் நீங்களும் அக்காவும் மட்டும் பேச வாரத்தில் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு. காய்ச்சல் வந்ததை மறைக்காதீர்கள், அங்கே படும் பாட்டை அவளும் மறைக்கவேண்டாம். எதை அவள் முடிவுசெய்வது, எதை நீங்களே செய்துவிடுவது என்று அப்போது பேசி வைத்துக்கொண்டால், பெரியவளிடம் கேட்கும் பாதிக் கேள்விகளை அக்கா உங்களிடமே கேட்டு முடித்துவிடலாம். அப்புறம், பிள்ளைகளின் அப்பா எங்கே இருந்தாலும் அந்த அழைப்பில் அவரையும் சேருங்கள்.

அன்புடன்.