சூஃபி குருவாகவே வாழ்ந்த உருதுக் கவிஞர் யாராவது உண்டா?

கேள்வியில் கேட்டிருப்பது இது: உருது கஜல்களில் சூஃபிப் பேச்சு நிறைய வருகிறது, எழுதியவர்களில் சீடர்களை ஏற்று வழிநடத்திய குரு யாராவது இருந்தாரா, இல்லை அது வெறும் கவிதை மரபுதானா?

இருந்தார். காஜா மீர் தர்த். 1721-ல் டெல்லியில் பிறந்து, 1785 ஜனவரியில் அதே டெல்லியில் இறந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டு உருதுக் கவிதையின் தூண்கள் என்று மீர் தகி மீர், சௌதா, மிர்சா மஸ்ஹர், தர்த் என நான்கு பேரைச் சொல்வது வழக்கம். இந்த நால்வரில் மஸ்ஹரும் ஒரு பீர், அதாவது சூஃபி குருதான். ஆனால் அவர் உருதுவில் எழுதியது கொஞ்சம். பீராகவும் உருதுக் கவிஞராகவும் ஒருசேர முழு உயரத்துக்கு நின்றவர் தர்த்தான். எனக்கு உருதுக் கவிஞர்களிலேயே மிகவும் நெருக்கமானவரும் அவர்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அவருடைய அப்பாவைச் சொல்ல வேண்டும். காஜா முஹம்மது நாசிர் அந்தலீப். படைச் சேவையை உதறிவிட்டு நக்‌ஷ்பந்தி என்ற சூஃபி வழியில் இறங்கியவர். 1734 வாக்கில் அவருக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. நபிகள் நாயகத்தின் பேரரான இமாம் ஹசன் தோன்றி ஒரு புதிய வழியைத் தந்தார் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. ஏழு நாள் அறையை விட்டு அவர் வெளியே வரவில்லை. பதிமூன்று வயது மகன் வாசற்படியிலேயே அழுதபடி கிடந்தான். கதவு திறந்ததும் அப்பா முதல் ஆளாகத் தீட்சை கொடுத்தது அந்தப் பையனுக்குத்தான். 'தரீக்கா முஹம்மதிய்யா' என்ற அந்த வழியின் முதல் சீடன் தர்த்.

இது அவருடைய வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்துவிட்டது. இளமையில் கொஞ்ச காலம் உத்தியோகம் பார்த்தார். முப்பதை நெருங்கும்போது அதை விட்டுவிட்டுப் பக்கீர் உடைக்கு மாறினார். 1759-ல் அப்பா இறந்ததும் அந்த இடத்தில் அமர்ந்தார். அப்பாவே குரு, குருவே அப்பா. அவர் எழுத்தில் அந்தப் பற்று பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அவர் காலத்து டெல்லி எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1739-ல் பாரசீக மன்னர் நாதிர் ஷாவின் படை ஒரே நாளில் நகரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது தர்த்துக்குப் பதினெட்டு வயது. அப்புறம் ஆப்கன் மன்னர் அஹ்மது ஷா அப்தாலியின் படையெடுப்புகள், மராத்தியர் போர்கள், காலியான கஜானா. கவிஞர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சௌதா பரூக்காபாத், பைசாபாத் வழியாக லக்னோ போனார். மீர் தகி மீரும் 1782-ல் லக்னோ போய்ச் சேர்ந்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, புரவலர் இல்லாமல் கவிஞன் எப்படிச் சாப்பிடுவான்? தர்த் மட்டும் நகரவில்லை. சீடர்கள் இருந்தார்கள், அப்பாவின் கல்லறையான கப்ரு இருந்தது, கட்டிக் காக்க ஒரு வழி இருந்தது. 'குரு' என்பது அவருக்குக் கவிதையில் வரும் வேடம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. அந்தக் காலக் கவிஞனுக்குச் சோறு போட்டது புகழ்ப்பாட்டு. பிடிக்காதவரைத் தாக்க வசைப்பாட்டு. இரண்டிலும் சௌதா பெரிய கை. தான் யாரையும் புகழ்ந்தோ இகழ்ந்தோ பாடியதில்லை, யாரும் கேட்டதற்காகவும் எழுதியதில்லை, உள்ளே தானாக எழுந்தால்தான் எழுதினேன் என்று தர்த் பதிவு செய்திருக்கிறார். அதனால்தானோ என்னவோ அவருடைய உருதுக் கவிதைத் தொகுப்பான திவான் மெலிந்த புத்தகம்.

சரி, அவர் வீட்டுச் சபைக்கு வருவோம். நக்‌ஷ்பந்திகள் பொதுவாக இசையை ஒதுக்குபவர்கள். இறைவன் பெயரை ஓதும் அவர்களுடைய திக்ருகூடச் சத்தமில்லாமல் மனத்துக்குள் நடப்பது. ஆனால் தர்த்துக்கு இசை உயிர். மாதத்தில் 2, 24 தேதிகளில் அவர் வீட்டில் இசைக்கூட்டம். நகரத்தின் நல்ல பாடகர்கள் வந்து பாடுவார்கள். சொந்த வழிக்காரர்களே முகம் சுளித்தார்கள். அதற்கு அவர் சொன்ன பதில்: நான் யாரையும் கூப்பிடுவதில்லை, அவர்களாக வருகிறார்கள், பாடுகிறார்கள், இதை மற்றவர்களைப் போல வழிபாடு என்றும் நான் சொல்லவில்லை, இறைவன் என்னை இதில் வைத்திருக்கிறான். நழுவல் மாதிரி தோன்றலாம். எனக்கு அதில் தெரிவது ஒரு நேர்மை. தன் ஆசைக்கு மார்க்கத் தீர்ப்பு தேடாமல், இருப்பதை இருக்கிறபடி சொல்லி நிற்கிறார்.

அந்தக் கூட்டத்துக்கு முகலாயப் பாதுஷா ஷா ஆலமும் ஒருமுறை வந்தாராம். உட்கார்ந்திருந்தவர் நடுவில் காலை நீட்டிவிட்டார். பக்கீர் சபைக்கு இது மரியாதை இல்லை என்று தர்த் சொல்ல, கால் வலி, மன்னியுங்கள் என்றார் பாதுஷா. வலி இருந்தால் சிரமப்பட்டு வருவானேன் என்று கேட்டாராம் தர்த். முஹம்மது ஹுசைன் ஆசாத் 1880-ல் வெளியிட்ட 'ஆபே ஹயாத்' என்ற உருதுக் கவிஞர் வரலாறு சொல்லும் கதை இது. ஆசாத் கதையை மெருகேற்றிச் சொல்பவர், ஆகவே சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் டெல்லி தர்த்தை எப்படி நினைவில் வைத்திருந்தது என்று இதில் தெரிகிறது. இதே புத்தகத்தில்தான் மீரின் புகழ்பெற்ற கணக்கும் வருகிறது: ஊரில் முழுக் கவிஞர்கள் இரண்டு பேர், நானும் சௌதாவும், தர்த் அரைக் கவிஞர். அந்த மீரே தன் இளமையில் எழுதிய கவிஞர் வரலாற்று நூலில் தர்த்தை மனதாரப் புகழ்ந்திருக்கிறார். மாதம் 15-ம் தேதி தன் வீட்டில் நடக்கும் முஷாயிரா என்ற கவியரங்கம் முதலில் தர்த் வீட்டில் நடந்தது, அவர் சொல்லித்தான் தன் வீட்டுக்கு வந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

கவிதைக்கு வருகிறேன். ஒரே ஓர் ஈரடி:

தர் தாமனீ பே ஷேக் ஹமாரீ ந ஜாயியோ
தாமன் நிசோட் தேன் தோ ஃபரிஷ்தே வுஸூ கரேன்

உருதுவில் ஈர அங்கி என்றால் பாவக்கறை என்று பொருள். ஈரமாகிக் கிடக்கும் என் அங்கியைப் பார்த்து என்னை எடைபோட்டு விடாதீர் ஷெய்கே (மார்க்கப் பெரியவரே), அதைப் பிழிந்தால் அந்தத் தண்ணீரில் மலக்குகள் (வானவர்கள்) தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளு செய்வார்கள் என்கிறார். ஷெய்கைச் சீண்டாத கஜல் கவிஞர் கிடையாது. அவர்களுக்கு அது வெளியே நின்று எறியும் கல். தர்த்தோ தானே ஒரு ஷெய்கு. தொழுகை பற்றிப் பதினைந்து வயதிலேயே நூல் எழுதியவர். அப்படிப்பட்டவர் ஒளுச் செய்யும் தண்ணீரை வைத்து இதைச் சொல்லும்போது, கேட்கும் ஷெய்கும் பதில் சொல்லும் பாவியும் ஒரே ஆள் என்றுதான் நான் படிக்கிறேன். மற்றவர்கள் கையில் குறும்பாக முடிந்துபோகும் வரி, இவரிடம் தொழுகைக்கு நிற்பவனின் மனச்சாட்சியாகிவிடுகிறது.

உரைநடையில் அவர் எழுதியதெல்லாம் பாரசீகத்தில். 'இல்முல் கிதாப்' என்ற பெரிய நூல் உண்டு. கடைசிக் காலத்தில் எழுதிய நான்கு சிறு நூல்களும் உண்டு. இந்த நான்கும் ஒவ்வொன்றும் 341 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டவை. ஏன் 341? அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு போடும் அப்ஜத் முறையில் நூன் 50, அலிஃப் 1, ஸாத் 90, ரே 200. கூட்டினால் 341. இந்த எழுத்துகளைச் சேர்த்தால் 'நாசிர்', அதாவது அப்பாவின் பெயர். முதன்முதலில் இதைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இதே முறையில் 'அல்லாஹ்' என்ற பெயருக்கு 66. அப்பா ஹிஜ்ரி என்ற சந்திர ஆண்டுக் கணக்கில் 66 வயதில் போனார், நானும் அதே வயதில் போவேன் என்று எழுதினார். அப்படியே போனார்.

அந்த நூல்களில் ஞானத்துக்கு நடுவே, என் மனைவி மக்கள் மீது எனக்கு மிகுந்த பாசம் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறார். ஒரு பீர் இப்படி எழுதுவது அபூர்வம். குடும்பத்தை விட்டு ஓடுவதை அவர் ஞானமாக நினைக்கவில்லை. தம்பி மீர் அசரும் கவிஞர்தான், அவரும் அண்ணனின் சீடராகக் கூடவே இருந்தார்.

கப்ரு டெல்லியில் துருக்மான் வாசலுக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு சாலைக்கும் மீர்தர்த் என்றே பெயர்.

படிக்க விரும்பினால், ரேக்தா இணையதளத்தில் அவர் கஜல்கள் தேவநாகரி எழுத்திலும் இருக்கின்றன. இந்தி எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தால் போதும், சொல்லைத் தொட்டால் பொருள் வரும். 'தொஹ்மதேன் சந்த்' என்று தொடங்கும் கஜலிலிருந்து ஆரம்பியுங்கள். சின்னச் சின்ன வரிகள், சிக்கலே இல்லை. வாழ்க்கை விவரம் வேண்டுமானால் ஜெர்மானிய அறிஞர் அன்னிமேரி ஷிம்மல், தர்த்தையும் சிந்திக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃபையும் பற்றி 1976-ல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் இருக்கிறது. கஜல்களில் பத்துப் பன்னிரண்டாவது படித்துவிட்டு அதை எடுங்கள்.