செங்கடல் பிளந்ததற்குக் காற்று காரணமாக இருக்க முடியுமா?

கேள்வி: வேதாகம வகுப்பு நடத்துகிறேன். அற்புதங்களுக்கு இயற்கைக் காரணம் உண்டா என்று மாணவர்கள் கேட்டால் என்ன விடை சொல்வது?

பதில்: எல்லா அற்புதங்களுக்கும் சேர்த்து ஒரே விடை சொல்ல முயலாதீர்கள். ஒவ்வொரு நிகழ்வையும் தனியே எடுத்து, அதைக் கூறும் வசனங்களே இயற்கைச் செயல் எதையேனும் குறிப்பிடுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்த நிகழ்வைக் கூறும் யாத்திராகமம் 14:21, இரவு முழுவதும் வீசிய பலத்த கீழ்க்காற்றினால் கடல் ஒதுங்கியதாகவே சொல்கிறது. ஆழமற்ற நீர்ப்பரப்பின்மீது ஒரே திசையில் நெடுநேரம் வீசும் காற்று, நீரைத் தள்ளித் தரையை வெளிப்படுத்தக்கூடும். கார்ல் ட்ரூஸ், வெய்சிங் ஹான் ஆகியோர் 2010இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வில், நைல் கழிமுகத்தின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 2 மீட்டர் ஆழமுள்ள பழங்கால ஏரி ஒன்றின் வளைவில், மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகக் காற்று 12 மணி நேரம் வீசினால், இருபுறமும் நீர் நிற்க, 4 மணி நேரம் நிலப்பாதை திறந்திருக்கும் என்று கண்டனர். இது அப்படி நடந்திருக்க முடியும் என்பதை மட்டுமே காட்டுகிறது. தவிரவும், அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட இடம் இன்று நாம் செங்கடல் என்றழைக்கும் ஆழ்கடல் அன்று. அத்தகைய காற்றில் குழந்தைகளோடும் கால்நடைகளோடும் நடப்பதும் எளிதன்று.

பின்னர் இஸ்ரவேலர் கடப்பதற்காக யோர்தான் ஆறு ஓடாமல் நின்றதற்கு இதைவிட வலுவான ஒப்புமை உண்டு. ஆதாம் என்னும் ஊருக்கருகே நீர் குவியலாக நின்றது என்கிறது யோசுவா 3:16. அவ்வூர் இருந்ததாகக் கருதப்படும் தாமியா பகுதியில் 1267இல் கரை சரிந்து ஆற்றைச் சில மணி நேரம் அடைத்ததை அரபு வரலாற்றாசிரியர் நுவைரி பதிவு செய்துள்ளார். ஆசாரியர்களின் கால்கள் நீரில் பட்ட அந்த நேரத்தில் அது ஏன் நிகழ வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் மண்சரிவு விடை தராது.

சில விளக்கங்கள் வசனத்தோடு பொருந்துவதே இல்லை. இயேசு சிலுவையில் இருந்தபோது மூன்று மணி நேரம் பரவிய இருளைச் சூரிய கிரகணம் என்பவர்கள் உண்டு. அவர் சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பஸ்கா காலத்தில்; பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வரும் பண்டிகை. சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டுமே நிகழும், அதன் முழு மறைவும் எட்டு நிமிடத்தை எட்டாது. இந்த முரண்பாட்டை மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் சுட்டிக்காட்டிவிட்டார்.

இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு, அதற்குமுன் கல்லறையில் நான்கு நாள் கிடந்ததாக யோவான் 11 கூறுவதால், அவர் வெறுமனே மயங்கிக் கிடந்தார் என்று சொல்வது வசனத்தை விளக்குவதாகாது, மறுப்பதாகும். அந்த வேறுபாட்டை மாணவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.