மாரியில் பியர்டட் டிராகன் சாப்பிடாமல் தூங்குகிறது: உறக்கமா, நோயா?

திருகோணமலையில் வாடைமழை தொடங்கியதும் இரண்டு வயது பியர்டட் டிராகன் (அவுஸ்திரேலிய வளர்ப்பு ஓணான்) சாப்பிடாமல் மூலைக்குள் படுத்தே கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் இது நாட்கணக்கில் சாப்பிடாமல் தூங்கும் இயல்பான உறக்கமாக இருக்கலாம். தூக்கினால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடி மூடினால் பயமில்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாலோ மூக்கில் குமிழி வந்தாலோ அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம்; ஒரு வயதுக்குக் குறைந்த குட்டி தூங்கினாலும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இங்கே சிக்கல் குளிரில்லை, ஈரம். அவுஸ்திரேலிய வறண்ட நிலத்துப் பிராணிக்கு 30 முதல் 40 வீத ஈரப்பதன் போதும். நம் மாரியில் அது 80ஐத் தாண்டும். ஆகவே கூட்டை யன்னலோரம் வைக்காதீர்கள், பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

சூட்டு பல்பை உடனே நிறுத்துவதுதான் பலர் விடும் பிழை. வயிற்றில் இரை இருக்க உடம்பு குளிர்ந்தால் அது செரிக்காமல் அழுகும். இரையை நிறுத்தி, 10 நாளாவது பல்பின் கீழே அது வெயில் காயும் இடத்தை 38 பாகையில் வைத்து, குடல் காலியானபின் சூட்டை மெல்லக் குறையுங்கள்.

கிழமைக்கு ஒருக்கா சமையலறைத் தராசில் நிறுங்கள். 400 கிராமில் 40 குறைந்தால் காத்திருக்க வேண்டாம்.