1850-களில் ஆஸ்திரேலியா போன ஸ்காட்லாந்துக்காரரின் பெற்றோரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்காட்லாந்தில் தேட ஆரம்பிக்காதீர்கள். அவர் இறந்த இடத்தில் ஆரம்பியுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இறந்தவர் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. 1853-க்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், குடியேறி எத்தனை வருடம் என்றெல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். தகவல் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஊர் தெரிந்ததும் 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' அரசு இணையதளத்துக்குப் போகலாம். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1855-இல்தான். அதற்கு முன்பு திருச்சபைப் பதிவேடுகள்தான், அவற்றில் விடுபட்டவர்கள் ஏராளம். பெற்றோர் ஊரிலேயே தங்கி 1855-க்குப் பின் இறந்திருந்தால் அதிர்ஷ்டம்: அவர்களின் இறப்புப் பதிவே இன்னொரு தலைமுறையைக் காட்டிவிடும். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தேடலாம், ஆனால் வயதை அப்படியே நம்பாதீர்கள்: அதில் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 29 வயதுக்காரர் 25 ஆகியிருப்பார்.

சரி, ஒரே ஊரில் நாலு ஜான் மெக்டொனால்ட் வந்து நின்றால்? ஆஸ்திரேலியா போனவருடைய பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது ஸ்காட்லாந்தில் பரவலான வழக்கம். எல்லாரும் பின்பற்றியதில்லை, ஆனாலும் நல்ல துப்பு.