வெண்மண் சாலைகளில் ஒரு பந்தயம்

கேள்வி: இத்தாலியில் மார்ச் மாதத் தொடக்கத்தில் நடக்கும் ‘ஸ்ட்ராடே பியாங்கே’ சைக்கிள் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நல்ல தார்ச்சாலைகள் உள்ள நாட்டில் சரளைக்கல்லும் புழுதியுமான பாதைகளைத் தேடிப்போய் ஓட்டுவது ஏன்? மெல்லிய டயர்கள் எப்படித் தாங்குகின்றன? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அந்தப் பாதைகள் தார் பூசப்படாமல் அப்படியே நிலைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தப் பந்தயத்தின் வேரே இருக்கிறது. டஸ்கனிப் பகுதியில் சியெனா நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் செல்லும் இந்த வெண்ணிறச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்கு அடியில் மறைந்துவிடுமோ என்று கவலைப்பட்ட ஜியான்கார்லோ புரோச்சி என்பவர், 1997இல் பழைய சைக்கிள்களில் அவற்றின்மீது சுற்றிவரும் ‘லெரோயிகா’ என்னும் பயணத்தைத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்ததே, 2007 அக்டோபரில் முதன்முதலாக நடந்த இந்தத் தொழில்முறைப் பந்தயம். மறு ஆண்டே அது மார்ச்சுக்கு மாற்றப்பட்டது. 2015 முதல் பெண்களுக்கும் நடக்கிறது. ‘ஸ்ட்ராடே பியாங்கே’ என்றால் வெள்ளைச் சாலைகள் என்றே பொருள்.

மார்ச்சுக்கு மாற்றியது மிக நல்ல முடிவு என்பேன். வசந்தம் எட்டிப்பார்க்கும் அந்த நாட்களில் வானிலையை நம்ப முடியாது: வெயில் அடித்தால் முன்னே செல்பவர்கள் கிளப்பும் புழுதி பின்னால் வருபவர்களின் கண்ணை மறைக்கும், மழை பெய்தால் களிமண் சேறாகி வண்டியிலும் முகத்திலும் அப்பிக்கொள்ளும்.

இனி டயருக்கு வருவோம். முன்பு 23 அல்லது 25 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்களில் ஓட்டியவர்கள் இன்று பெரும்பாலும் 28 முதல் 32 மில்லிமீட்டர் வரையுள்ளவற்றையே தேர்ந்தெடுக்கிறார்கள். காற்றை இறுக்கமாக அடைத்தால் ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் துள்ளி, முன்னேறப் பயன்பட வேண்டிய உழைப்பு வண்டியையும் ஆளையும் தூக்கிப்போடுவதில் வீணாகும். சற்றுக் குறைத்து அடைத்தால் டயர் கல்லின்மேல் அமுங்கி வளைந்து கடந்துவிடும், பிடிப்பும் கூடும். இப்போது டியூப் இல்லாத டயர்கள் வந்துவிட்டதால், சிறு துளைகளை உள்ளிருக்கும் அடைப்புத் திரவமே மூடிவிடுகிறது.

ஆனாலும் கருவியைவிட ஓட்டும் பக்குவமே பெரிது. சரளை ஏற்றத்தில் இருக்கையைவிட்டு எழுந்து மிதித்தால் பின்சக்கரம் பிடி இழந்து வழுக்கும். எனவே வலி பொறுத்து, உட்கார்ந்தபடியே மிதிக்க வேண்டும். 11.5 கிலோமீட்டர் நீளமுள்ள மோன்டே சாந்தே மாரியே என்னும் சரளைச் சாலைப் பகுதியில் இந்தப் பக்குவம் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. அங்கிருந்துதான் 2024இல் ஸ்லோவேனிய வீரர் தாதேய் பொகாச்சார், முடிவுக்கோட்டுக்கு 81 கிலோமீட்டர் இருக்கும்போதே தனியாகப் பிரிந்து சென்று வென்றார்.

இவ்வளவையும் கடந்த பிறகும், சியெனா நகருக்குள் 16 சதவீதம் வரை செங்குத்தான கல் பாவிய சந்தா கத்தரினா தெரு காத்திருக்கிறது. 2018இல், மழையில் நனைந்த பந்தயத்தின் இறுதியில், பெல்ஜிய வீரர் வாட் வான் ஆர்ட் அந்த ஏற்றத்தில் வண்டியோடு சாய்ந்து விழுந்தார். எழுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, மறுபடியும் ஏறி மிதித்து மூன்றாவதாக வந்து சேர்ந்தார்.